நாலு வரிசை திறந்தால் உரம் போகிறது, ஒன்று திறந்தால் நின்றுவிடுகிறது: வெஞ்சூரி தெரிந்தவர்கள் உதவவும்

பாக்காப் மிளகாய் · திங்கள், இரவு 9:12

வணக்கம். பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப்பில் வீட்டுக்குப் பின்னால் 320 பாலிபேக் மிளகாய் வைத்திருக்கிறேன். தென்னைநார்த் தூள், சொட்டுநீர், ஏ-பி உரம் (ஏ, பி என்று இரண்டு தனிக் கரைசலாக வைத்துத் தண்ணீரில் கலப்பது). நாலு வரிசை, வரிசைக்கு 80 பை. பைக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 4 லிட்டர். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதே 4 லிட்டர் விடும் ரகம்.

தண்ணீர் 400 கேலன் டாங்கியிலிருந்து வருகிறது. ஐந்தடி ஸ்டாண்டில் நிற்கும் டாங்கி. அதற்கப்புறம் பம்பு, ஃபில்டர், பிறகு முக்கால் அங்குல வெஞ்சூரி இரண்டு (நடுவில் குறுகி, ஓடும் தண்ணீரின் வேகத்தால் உரத்தை உறிஞ்சும் குழாய்). ஒன்று ஏ டிரம்முக்கு, ஒன்று பி டிரம்முக்கு. டிரம் இரண்டும் தரையில். நூறு பங்கு தண்ணீருக்கு ஏ ஒரு பங்கு, பி ஒரு பங்கு போக வேண்டும் என்பது கணக்கு.

நாலு வரிசையும் திறந்தால் கடைசிப் பையில் ஈசி (தண்ணீரில் உரம் எவ்வளவு கெட்டி என்று மீட்டர் காட்டும் எண்) 2.1. இரண்டு திறந்தால் 1.3. ஒன்று மட்டும் திறந்தால் 0.2. வெறும் தண்ணீரே என் மீட்டரில் 0.1 காட்டும், ஆக அந்த வரிசைக்கு உரமே போகவில்லை. உறிஞ்சும் குழாய் உள்ளே தெரிகிற குழாய் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குமிழி மேலே ஏறியது, பாதி வழியில் நின்றது, கொஞ்சம் ஆடியது, அப்புறம் வந்த வழியே இறங்கிவிட்டது.

நேற்று இன்னொரு வேடிக்கை. இரவில் 60 லிட்டர் இருந்த ஏ டிரம், காலையில் விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அம்மா "உரமும் விளையுதுடா" என்கிறார்.

எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வரிசை காய்க்கிறது, மூன்றாவது பூவில் இருக்கிறது, நாலாவது நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. நாலுக்கும் ஒரே நேரம் ஓட்ட முடியாது.

பிறை பைப்பு · திங்கள், இரவு 9:50

தம்பி, முதலில் டிரம்மைப் பார். உரம் விளையவில்லை, தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது. பம்பு நின்றதும் ஐந்தடி மேலே இருக்கும் டாங்கித் தண்ணீருக்குக் கீழே போக வழி வேண்டும். உன் வெஞ்சூரியின் உறிஞ்சு வாயில், ஒரு பக்கம் மட்டும் ஓட விடும் ஒரு சின்ன செக் வால்வு இருக்கும்: ஒரு கோலி, ஒரு ஸ்பிரிங். உர உப்பு அதில் படிந்தால் கோலி சரியாக உட்காராது. கழற்றி வெந்நீரில் போடு. கையில் குலுக்கினால் கோலி கடகடவென்று ஆட வேண்டும்.

டிரம்முக்கும் வெஞ்சூரிக்கும் நடுவில் ஒரு கை வால்வும் வை. பம்பை நிறுத்தினால் கையோடு அதையும் மூடு. வழிந்த டிரம்மில் மிச்சம் இருக்கும் ஏ எவ்வளவு நீர்த்துப்போனது என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பிக் கணக்குப் போடாதே, தென்னை மரம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிடு.

இன்னொன்று. அந்த 400 கேலன் டாங்கியில் பொதுக் குழாய்த் தண்ணீர் எப்படி விழுகிறது? டாங்கிக்கு மேலே இடைவெளி விட்டு விழுகிறதா, இல்லை குழாய் தண்ணீருக்குள் முங்கி இருக்கிறதா? முங்கி இருந்தால் இன்றைக்கே தூக்கிக் கட்டு. 2024 ஜனவரியில் சுங்கை டூவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வு மாற்றத் தண்ணீரை நிறுத்தினார்களே, அந்த மாதிரி நாளில் தெருக் குழாய் காலியாகி உள்ளே இழுக்கும். உன் உரம் அடுத்த வீட்டுச் சோற்றுப் பானைக்குப் போகக் கூடாது.

ராவாங் ராஜா · திங்கள், இரவு 11:05

ரொம்பச் சுலபம் லா. வெஞ்சூரியை மெயின் லைனில் வைத்ததுதான் தப்பு. பம்பின் வெளி வாயில் ஒரு டி (மூன்று வாய் இணைப்பு), உள் வாயில் ஒரு டி, நடுவில் வெஞ்சூரி. பம்பு ஓடுகிற வரைக்கும் அந்தப் பக்கம் அழுத்தம், இந்தப் பக்கம் இழுப்பு. எத்தனை வரிசை திறந்தாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். என் கத்தரித் தோட்டத்தில் இரண்டு வருடமாக ஓடுகிறது.

தோட்டத்து அக்கா · செவ்வாய், காலை 6:40

ராஜா தம்பி, உங்கள் கத்தரியில் எத்தனை வரிசை? ஒரே வால்வா?

பாக்காப் தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஜக்கு வைத்து அளந்து பாருங்கள். உரம் வேண்டாம், வெறும் தண்ணீர் ஊற்றிய ஒரு லிட்டர் ஜக்கில் உறிஞ்சு குழாயைப் போட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். நாலு வரிசைக்கு மணிக்கு 1280 லிட்டர், அதில் நூற்றில் ஒன்று 12.8 லிட்டர். நிமிடத்துக்கு 213 மில்லி. ஒரு வரிசைக்கு 53 மில்லி. இந்த இரண்டு எண்ணும் வந்தால்தான் உங்கள் கருவி சரி. வராவிட்டால் எத்தனை டி போட்டாலும் சரிப்படாது.

பாக்காப் மிளகாய் · சனி, மாலை 5:30

அக்கா சொன்னதைக் கேட்காமல் ராஜா அண்ணன் சொன்னதைச் செய்தேன். செவ்வாய் சாயங்காலமே டி இரண்டும் வாங்கி ஒட்டிவிட்டேன். வெஞ்சூரி பிரமாதமாக உறிஞ்சியது. நாலு வரிசை திறந்தபோது ஈசி 2.0. சந்தோஷத்தில் மற்றதை அளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலாவது வரிசையின் இளஞ்செடிகளில் இலை நுனி பழுப்பாகச் சுருண்டிருந்தது. டிரிப்பரைப் பிடுங்கிக் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து மீட்டரை வைத்தால் 7.9. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று மூன்று தடவை கழுவிப் பார்த்தேன். 7.9தான்.

இப்போது 80 பைக்கும் வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஜக்கும் வைத்தேன். நாலு வரிசைக்கு 205 மில்லி, ஒரு வரிசைக்கு 214.

செந்தூல் தமிழச்சி · சனி, இரவு 8:15

உங்கள் ஜக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தண்ணீர் நாலில் ஒன்றாகக் குறைந்தது, உரம் குறையவே இல்லை. அப்படியானால் செறிவு நாலு மடங்கு. பம்பின் சுமை குறைந்து அழுத்தம் ஏறியதால் உரம் ஒரு பிடி கூடவே போயிருக்கிறது. ராஜா அண்ணனுக்கு ஒரே வால்வு, எப்போதும் ஒரே ஓட்டம். அவருக்கு அது சரிதான்.

முதல் அமைப்பில் ஏன் நின்றது என்பதையும் பார்த்துவிடுவோம். வெஞ்சூரியின் இடுப்பு குறுகல். அங்கே தண்ணீர் வேகம் எடுக்கும், வேகம் கூடினால் அழுத்தம் விழும். அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே விழுந்தால்தான் டிரம்மிலிருந்து உரம் மேலே ஏறும். இந்த வீழ்ச்சி ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப இருக்கும். ஓட்டம் பாதியானால் வீழ்ச்சி காலாகும், ஓட்டம் காலானால் வீழ்ச்சி பதினாறில் ஒன்று. நாலு வரிசையில் 2 பார் விழுந்த இடத்தில் ஒரு வரிசைக்கு 0.125 பார்தான் விழும். குழாயில் அதற்கு மேல் அழுத்தம் நிற்கும்போது உரம் எங்கே ஏறும்? உங்கள் குமிழி பாதி வழியில் நின்றது அதனால்தான்.

வெஞ்சூரி என்ற இத்தாலியர் 1797இல் இதைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் ஹெர்ஷல் என்ற பொறியாளர் அதே வடிவத்தை வைத்துத் தண்ணீரை அளக்கும் கருவி செய்து, அதற்கு வெஞ்சூரியின் பெயரையே வைத்தார். அளக்க வேண்டுமானால் அழுத்த வேறுபாட்டைப் படித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உரக் கடையில் விற்கும் வெஞ்சூரிக்கு வர்க்கமூலம் எடுக்கத் தெரியாது. அதற்கு உறிஞ்சத்தான் தெரியும்.

நுரை மாமா · சனி, இரவு 10:30

எண்ணெய்க் கிடங்கில் தீயணைப்புச் சாமான் பராமரித்து ரிட்டையர் ஆனவன் நான். மிளகாய் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இது எங்கள் பழைய தலைவலி.

எண்ணெய்த் தீக்கு நுரைக் கரைசலைத் தண்ணீரில் 3 சதவீதம் கலக்க வேண்டும்: 97 பங்கு தண்ணீர், 3 பங்கு கரைசல். கம்மியானால் நுரை நிற்காது. கூடினால் பாதித் தீயில் கரைசல் தீர்ந்துவிடும். எத்தனை ஹோஸ் திறப்பார்கள் என்று முன்னாடியே யாருக்கும் தெரியாது.

சின்ன வேலைக்கு லைன் இன்டக்டர் வைப்போம். அது உன் வெஞ்சூரியேதான், கொஞ்சம் பெரிசு. அதற்குச் சொன்ன ஓட்டம், சொன்ன அழுத்தம் இரண்டும் இருந்தால்தான் வேலை செய்யும். வெளியே போகிற அழுத்தம், உள்ளே வருகிற அழுத்தத்தில் 65 சதவீதத்தைத் தாண்டினால் உறிஞ்சுவது நின்றுவிடும். பயல்கள் ஹோஸை இரண்டு லெங்த் கூட மாட்டிவிட்டு, இல்லாவிட்டால் நாசிலை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், "மாமா நுரை வரல" என்று வாக்கி-டாக்கியில் கத்துவார்கள். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

பெரிய வேலைக்கு பிளாடர் டாங்கி. இரும்புத் தொட்டி, உள்ளே ரப்பர் பை, பைக்குள் கரைசல். மெயின் லைன் தண்ணீரையே கொஞ்சம் எடுத்துப் பைக்கு வெளியே விடுவோம். தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறதோ அதே அழுத்தத்தில் பையை நசுக்கும். நசுங்கிய பையிலிருந்து கரைசல் ஒரு சின்னத் துவாரம் வழியாக, லைனில் இருக்கும் ரேஷியோ கண்ட்ரோலர் என்ற, விகிதம் காக்கும் கருவியின் இடுப்பில் போய்ச் சேரும். தண்ணீர் அழுத்தம் ஏறினால் கரைசல் அழுத்தமும் ஏறும். ஒரு ஹோஸ் திறந்தாலும் ஐந்து திறந்தாலும் விகிதம் பெரிசாக மாறாது. கரண்ட் வேண்டாம், பம்பு வேண்டாம். பை கிழிந்தால் மட்டும் அழ வேண்டும்.

செந்தூல் தமிழச்சி · சனி, இரவு 11:20

மாமா, அழகு. தண்ணீர் இடுப்பு வழியாகப் போவது அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. கரைசல் சின்னத் துவாரம் வழியாகப் போவதும் அதே வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. ஒன்றை மற்றதால் வகுத்தால் வர்க்கமூலம் அடிபட்டுப் போகும், இரண்டு துவாரத்தின் பரப்பு விகிதம்தான் மிஞ்சும். யாரும் எதையும் அளக்கவில்லை, விகிதம் நிற்கிறது. கல்லூரியில் இதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி சிரிப்பே வந்துவிட்டது.

பாக்காப் மிளகாய் · ஞாயிறு, காலை 7:45

அப்படியானால் மூடிய டிரம், உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை வைத்து நானே ஒன்று செய்துவிடலாமா? பக்கத்துக் கம்பத்து நண்பர் ஒருவர் பையே இல்லாமல் இரும்புத் தொட்டியில் உரத்தைப் போட்டு, ஒரு பக்கம் தண்ணீர் உள்ளே, மறு பக்கம் வெளியே என்று ஓட்டுகிறார்.

செந்தூல் தமிழச்சி · ஞாயிறு, காலை 9:00

நண்பருடையது வேறு கதை. பை இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போய் உரத்தோடு கலந்து வெளியே வரும். முதலில் கெட்டி, போகப் போக நீர்ப்பு. தொட்டி அளவைப் போல நாலு மடங்கு தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறினால் 2 சதவீத உரம்தான் மிச்சம் இருக்கும். "இந்த மரத்துக்கு இன்றைக்கு இத்தனை கிலோ" என்று மொத்தமாகக் கொடுக்கும் தோப்புக்கு அது போதும். ஈசி பார்த்து ஓட்டும் மிளகாய்க்கு ஆகாது.

பை வைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிமிடத்துக்கு 53 மில்லி என்பது ரொம்பச் சின்ன ஓட்டம். அந்த அளவில் ஊசித் துவாரம் வழியாகப் போகும் திரவம் வர்க்கமூலச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. பிசுக்குமை (திரவத்தை ஓட விடாமல் இழுக்கும் தன்மை) கையில் எடுத்துக்கொள்ளும், அப்போது ஓட்டம் நேரடியாக வேறுபாட்டுக்கு ஏற்ப மாறும். தண்ணீர்ப் பக்கம் வர்க்கமூலம், உரப் பக்கம் நேர்விகிதம். விகிதம் போச்சு. மாமாவின் கண்ட்ரோலருக்கும் இதற்குக் கீழே போகாதே என்று ஒரு குறைந்தபட்ச ஓட்டம் போட்டிருக்குமே?

நுரை மாமா · ஞாயிறு, காலை 9:20

போட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் கரைசல் கம்மியாகத்தான் வரும். டிரம்மை அழுத்தத்தில் வைத்து வீட்டில் விளையாடாதே தம்பி. மூடி பறந்து பார்த்திருக்கிறேன்.

தோட்டத்து அக்கா · ஞாயிறு, மதியம் 1:10

பாலேக் பூலாவ் மலையடிவாரத்தில் நர்சரி வைத்திருக்கிறேன். எங்களுக்கு மலை ஓடைத் தண்ணீர். மழை பெய்தால் ஒரு அழுத்தம், வெயில் அடித்தால் ஒரு அழுத்தம். ஆளுக்கு ஒரு ஹோஸ் பிடித்தால் ஓட்டமும் மாறும். இரண்டு வெஞ்சூரியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் தண்ணீராலேயே ஓடும் பிஸ்டன் டோசருக்கு மாறினேன். டோசாட்ரான் போன்றது.

அது உறிஞ்சுவதில்லை, எண்ணுகிறது. உள்ளே வரும் தண்ணீர் ஒரு பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டனோடு கட்டிய சின்னப் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு உரத்தை எடுத்து உள்ளே விடும். பெரிய பிஸ்டன் இவ்வளவு தண்ணீர் விட்டால் சின்னது இவ்வளவு உரம். அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் கன அளவுக்குக் கன அளவு. என்னுடையது 0.2 முதல் 2 சதவீதம் வரை திருகி வைக்கலாம், மணிக்கு 10 லிட்டரிலிருந்து 2500 லிட்டர் வரை ஓடும். 0.3 பார் இருந்தால் போதும். டக், டக் என்று சத்தம் போடும். காப்பி குடித்துக்கொண்டே சத்தத்தை வைத்து எத்தனை ஹோஸ் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

தொல்லையும் சொல்கிறேன். விலை கேட்டால் மயக்கம் வரும். ஏ-வுக்கும் பி-க்கும் தனித்தனியாக இரண்டு வேண்டும். கெட்டியாக இருக்கும்போது இரண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்தும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்து தயிர் மாதிரி திரிந்து அடியில் படியும். முன்னால் நல்ல ஃபில்டர் இல்லாவிட்டால் ஓடை மணல் பிஸ்டன் சீலைத் தின்றுவிடும். என் முதல் வருடம் அப்படித்தான் போனது. விற்ற கடையில் கேட்டால் "தண்ணீர் சரியில்லை" என்றார்கள், தண்ணீர் சரியில்லை என்பதால்தானே அதை வாங்கினேன்! சீல் செட் மாற்றுவதை நானே கற்றுக்கொண்டேன். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், டக் சத்தம் இழுத்து இழுத்து வந்தால் அதற்கு முன்னாலேயே.

பிறை பைப்பு · ஞாயிறு, இரவு 8:30

தொழிற்சாலையில் நாங்கள் இதையே கரண்டில் செய்கிறோம். லைனில் பல்ஸ் மீட்டர், ஒரு லிட்டர் போனால் ஒரு துடிப்பு. டோசிங் பம்பு துடிப்புக்கு ஒரு அடி அடிக்கும். துல்லியம் நன்றாக இருக்கும். ஆனால் ஓட்டம் குறைந்தால் அடிக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளி நீளும். குழாய்க்குள் ஒரு முழம் உரம், ஒரு முழம் தண்ணீர் என்று கோடு கோடாகப் போகும். நடுவில் ஒரு கலக்கும் பாத்திரமோ நீளக் குழாயோ வேண்டும்.

குழாய் நீளம் என்றதும் ஞாபகம் வந்தது. தம்பி, உன் மெயின் குழாய் எவ்வளவு?

பாக்காப் மிளகாய் · ஞாயிறு, இரவு 8:41

உள் அளவு 25 மில்லிமீட்டர், 60 மீட்டர். ஒவ்வொரு தடவையும் 3 நிமிடம் ஓட்டுவேன், ஒரு நாளைக்கு ஆறேழு தடவை.

பிறை பைப்பு · ஞாயிறு, இரவு 9:15

அப்படியானால் குழாய்க்குள் மட்டும் 29 லிட்டருக்கு மேல் நிற்கிறது. ஒரு வரிசைக்கு மணிக்கு 320 லிட்டர் போகும்போது, இப்போது கலந்த உரம் அந்த முனைக்குப் போய்ச் சேர ஐந்தரை நிமிடம். நீ ஓட்டுவது 3 நிமிடம். நாலாவது வரிசை குடிப்பது போன தடவை மற்ற வரிசைக்குக் கலந்து குழாயில் விட்டு வைத்த மிச்சம்! காய்க்கிற செடிக்குக் கலந்த கெட்டி உரத்தைத்தான் மூன்று வாரப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். எந்த டோசர் வாங்கினாலும் இது மாறாது.

இப்போது என் கணக்கைக் கேள். பெரிய செடி 240, நாளைக்கு ஒன்றரை லிட்டர் வைத்தால் 360 லிட்டர். ஒரு 200 கேலன் டாங்கி 900 லிட்டர் பிடிக்கும், இரண்டரை நாளைக்கு வரும். சின்னச் செடி 80, அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் 50 லிட்டர், ஒரு 200 லிட்டர் டிரம் நாலு நாளைக்கு வரும். நாலு நாளில் எத்தனை தடவை கலக்க வேண்டும்? இரண்டு, மூன்று தடவை. அதற்கு எதற்கு ஓடும் தண்ணீரின் பின்னால் ஓடுகிறாய்? நிற்கும் தண்ணீரில் ஊற்றிக் கலக்கு. 1500 பைக்குப் போகும்போது அக்காவிடம் வா.

ராவாங் ராஜா · ஞாயிறு, இரவு 10:02

இலை கருகியதற்கு மன்னிக்கணும் தம்பி. எனக்கு ஒரே வால்வுதான், அக்கா கேட்டது சரி. இன்னொன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். உரம் பம்புக்குள் போவதால் போன வருடம் வார்ப்பிரும்பு இம்பெல்லரை (பம்புக்குள் சுழலும் சக்கரம்) புதிதாக மாற்றினேன்.

பாக்காப் மிளகாய் · நாலு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9:30

பிறை அண்ணன் சொன்னபடி செய்துவிட்டேன். பெரிய செடிக்கு 200 கேலன் டாங்கி ஒன்று, சின்னதுக்கு நீல டிரம் ஒன்று, அதற்குத் தனியாக ஒரு குட்டிப் பம்பும் தனிக் குழாயும். முக்கால் டாங்கி தண்ணீர் விட்டு ஏ 9 லிட்டர் ஊற்றுகிறேன், துடுப்பு மாதிரி ஒரு பலகையால் நன்றாகக் கலக்குகிறேன், அப்புறம் பி 9 லிட்டர், மறுபடி கலக்கி மிச்சத் தண்ணீர். கடைசிப் பையில் 2.0, முதல் பையில் 2.0. ஒரு வரிசை திறந்தாலும் 2.0. ஒரு வாரமாக அளந்து எனக்கே சலித்துவிட்டது. நாலாவது வரிசை 1.4இல் ஓடுகிறது. கருகியதில் பதினொரு செடி போய்விட்டது, மற்றது புதுத் துளிர் விட்டிருக்கிறது.

பழைய டாங்கியின் குழாய் முங்கித்தான் இருந்தது. ஒரு சாண் மேலே தூக்கிவிட்டேன்.

வெஞ்சூரி இரண்டும் கையில் இருக்கிறது. செக் வால்வு கோலி சுத்தமாக ஆடுகிறது. ஒரே வால்வு, ஒரே ஓட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

தோட்டத்து அக்கா · வெள்ளி, இரவு 9:52

நீல டிரம் உள்ளே வெளிச்சம் தெரிகிற ரகமா? அப்படியென்றால் கறுப்புத் துணி சுற்றி வையுங்கள். ஏ டிரம்முக்கும் சேர்த்துத்தான். வெயில் பட்டால் பாசி பிடித்து டிரிப்பரை அடைக்கும், ஏ-யில் இருக்கும் இரும்புச் சத்தும் வெளிச்சத்தில் கெடும்.

ராவாங் ராஜா · வெள்ளி, இரவு 10:15

வெஞ்சூரி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அப்படியே வந்து எடுத்துக்கொள்கிறேன்.